புதுவயல் ஆலைப் பின்கட்டில் கிடக்கும் போர்க்கால வண்டி: இன்னது என்று அறிவதும், மீட்பதும்

புதுவயல் ஆலைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்த புதுவயலில் எங்கள் குடும்பத்திற்கு ஓர் அரிசி ஆலை உண்டு. ஓட்டம் நின்று நெடுநாளாகிறது. அதன் பின்கட்டில், நெல் அவிக்கும் தொட்டிகளைத் தாண்டி, சீமைக்கருவேலப் புதருக்குள் ஓர் இரும்பு வண்டி அரை முழம் மண்ணில் புதைந்து கிடக்கிறது. ஊரில் எல்லோரும் அதை டாங்கி என்றே சொல்வார்கள். ஆனால் அதில் பீரங்கியும் இல்லை, மேல்மூடியும் இல்லை. திறந்த தொட்டி போல இருக்கிறது. சுற்றிலும் உள்ள தகடுகள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. வலப்பக்கம் சில உருளைகள் தெரிகின்றன; இடப்பக்கம் பெரும்பாலும் மண்ணுக்குள் போய்விட்டது.

வண்டி வந்த விதம் பற்றி வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவிலிருந்து திரும்பியபோது இதிலேதான் வந்தார் என்பது ஒன்று. சண்டை முடிந்த பிறகு செட்டிநாட்டு விமானத் திடலிலிருந்து ஏலத்தில் எடுத்தார் என்பது மற்றொன்று. பங்காளிகளில் சிலர் இதை இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். காயலான் கடைக்காரர் ஒருவர் கேஸ் கட்டிங் ஆட்களுடன் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். எனக்கு மனம் வரவில்லை. இது என்ன வண்டி, இதை மீட்க வழி உண்டா என்று அறிந்தவர்கள் சொன்னால் பங்காளிகளிடம் எடுத்துப் பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆவடி ஓய்வூதியர்:

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். கம்பிப் பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதையும் வண்டியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆர்வத்தில் வீட்டுப் பிள்ளைகள் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், வண்டி யாருடையது, எங்கே ஓடியது என்று சொல்லக்கூடிய எழுத்துகள் அந்தப் பெயிண்டோடு போய்விடும். புதரை வெட்டுங்கள், மண்ணைக் கையால் விலக்குங்கள், அவ்வளவு போதும். கருவேலப் புதருக்குள் கட்டுவிரியன் இருக்கும். பூட்ஸ் போட்ட காலோடு, பகல் வெளிச்சத்தில் போங்கள்.

பிறகு டேப் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்து எழுதுங்கள். அதைவிட முக்கியமாக எனக்குத் தெரிய வேண்டியவை வேறு. இன்ஜின் எங்கே இருக்கிறது, முன்னேயா, நடுவிலா, பின்னேயா? அடியில் லாரிக்கு இருப்பது போல நெடுக இரண்டு சட்டங்கள் ஓடுகின்றனவா, அல்லது தொட்டியே எல்லாவற்றையும் தாங்குகிறதா? வலப்பக்க உருளைகள் எத்தனை, அவை எப்படி இணைக்கப்பட்டுள்ளன? இவற்றுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கோவை பழைய கார்:

திறந்த தொட்டி, ரிவெட் அடித்த தகடு, தென்னிந்தியா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சோதிக்க வேண்டிய முதல் ஊகம் ‘இந்தியன் பேட்டர்ன் கேரியர்’ என்பதே. பிரிட்டனிலிருந்து போதிய கவச வண்டிகள் வராததால் போர்க்காலத்தில் இந்தியாவிலேயே கட்டப்பட்ட சக்கர வண்டி அது. கனடாவின் ஃபோர்டு நிறுவனம் அனுப்பிய நாலு சக்கர இயக்கச் சட்டகத்தின் மேல், ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையின் கவசத் தகட்டை வைத்து, ரயில்வே பணிமனைகளில் உடல் கட்டினார்கள். 1940 முதல் 1944 வரை 4,655 வண்டிகள் செய்யப்பட்டன. இந்தியத் தொழிலாளர்களின் கையில் உருவானது என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பற்று உண்டு. இன்ஜின் பின்னே இருந்தால், அடியில் சட்டகம் இருந்தால், இது அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உள்ளது. உருளை என்று நீங்கள் சொல்வதுதான் இடிக்கிறது; உருளை இருந்தால் அது சங்கிலித் தடத்தில் ஓடும் வண்டி.

புதுவயல் ஆலைக்காரர்:

புதரை அகற்றிவிட்டோம். நீளம் ஏறக்குறைய 12 அடி. அகலம் 6 அடி 9 அங்குலம். மண்ணை விலக்கிய பிறகு உயரம் 5 அடிக்குச் சற்று மேல் வருகிறது.

இன்ஜின் வண்டியின் நட்ட நடுவில், ஒரு தகட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் இருபுறமும் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டு. அடியில் நெடுஞ்சட்டம் எதுவும் தென்படவில்லை. வலப்பக்கம் ரப்பர் ஒட்டிய மூன்று உருளைகள்: முன்னிரண்டும் ஒரே தாங்கியில் இரட்டைச் சுருள் வில்லுடன் இருக்கின்றன, பின்னால் ஒன்று தனியாக இருக்கிறது. இவை தவிர, முன்கோடியில் ஒரு சக்கரமும் பின்கோடியில் பல் வைத்த சக்கரமும் உள்ளன. முன் தாங்கிகள் இரண்டையும் இணைத்து வண்டியின் குறுக்கே ஒரு பருத்த குழாய் ஓடுகிறது. முன்முகத்தில் இடப்புறம் மட்டும் பெட்டி போல முன்னே துருத்திக்கொண்டு, நடுவில் ஒரு திறப்போடு இருக்கிறது.

இடப்பக்கம் தோண்டியபோது வியப்பாக ஒன்று கண்டேன். பின்கோடியில் பல் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில், ஆலையில் பட்டை ஓட்டுவதற்கு வைப்பது போன்ற அகலமான வார்ப்புப் புல்லி போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் முகத்தில் தோல் பட்டை தேய்த்த மினுமினுப்பு, மண்ணைத் துடைத்ததும் இன்னும் தெரிகிறது. வலப்பக்கச் சக்கரத்தைத் தடித்த இரும்புப் பட்டையால் உடலோடு சேர்த்து வெல்டிங் செய்து அசையாமல் பூட்டியிருக்கிறார்கள். இடப்பக்கத் தகட்டில் இன்ஜினுக்கு நேராக ஒரு பெரிய சதுரம் கேஸ் வைத்து வெட்டப்பட்டுள்ளது.

ஆவடி ஓய்வூதியர்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஐயம் நீங்கியது. இது ‘யுனிவர்சல் கேரியர்’. பட்டாளத்தில் ‘பிரென் கேரியர்’ என்பார்கள். உலகில் இதுவரை அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட கவசப் போர் வண்டி இந்த வகைதான். துணை வகைகளையும் சேர்த்து ஒரு லட்சத்திற்கும் மேல் செய்தார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா எனப் பல நாடுகளில் உருவானது. டாங்கி அல்ல, பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியையும் அதைக் கையாளும் சிப்பாய்களையும் குண்டு மழைக்குள் கொண்டுபோய் இறக்குவதற்கான வண்டி. தகட்டின் கனம் 7 முதல் 10 மில்லிமீட்டர். அதாவது துப்பாக்கி ரவையையும் சிதறலையும் தாங்கும், பீரங்கியைத் தாங்காது. முன்னால் வலப்புறம் ஓட்டுநர், இடப்புறம் துப்பாக்கி வீரர். துருத்திய பெட்டியும் அதன் திறப்பும் அவருக்காக வைத்தவை.

நெடுஞ்சட்டம் இல்லாததும் இன்ஜின் நடுவில் இருப்பதும் இந்தியன் பேட்டர்னை விலக்கிவிடுகின்றன. மூன்று உருளைகள் என்பது அமெரிக்க வகையை விலக்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்து சோமர்வில்லில் ஃபோர்டு செய்த டி-16 வண்டிக்குப் பக்கத்திற்கு நான்கு உருளைகள் உண்டு, உடலும் வெல்டிங் செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் செய்தவையும் வெல்டிங் உடல்கள். அவற்றில் சுமார் 1,500 வண்டிகள் சீனப் படைக்குச் சென்றதால் இந்தியப் பக்கம் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் வண்டி முழுக்க ரிவெட் என்பதால் அதையும் ஒதுக்கலாம். மிஞ்சுவது பிரிட்டனா, கனடாவா என்பதுதான்.

அந்தக் குறுக்குக் குழாய்தான் இந்த வண்டியின் உயிர்நாடி. ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினால் குழாய் பக்கவாட்டில் நகர்ந்து, முன் உருளைகளைத் தள்ளி, சங்கிலித் தடத்தையே வில்லாக வளைக்கும். வண்டி மெல்ல வளைந்து செல்லும். இன்னும் அதிகமாகத் திருப்பினால்தான் ஒரு பக்கத்துப் பிரேக் பிடித்து வண்டி சட்டென்று திரும்பும். வலப்பக்கத் தடத்தின் கண்ணிகள் மண்ணுக்குள் கிடக்கக்கூடும். மண்வெட்டியால் கொத்தாமல் கையால் தேடி எடுங்கள். ஒரு கண்ணியையும் விடாதீர்கள்.

தேவகோட்டை லேத்:

புல்லி பற்றிய செய்தியைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். அந்தக் காலத்துப் பட்டறைக்காரர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். பின் அச்சில் இருப்பது லாரியில் உள்ளதைப் போன்ற டிஃபரென்ஷியல். ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பூட்டினால், மறுபக்கம் இரு மடங்கு வேகத்தில் சுற்றும். வலப்பக்கத்தைப் பூட்டி, இடப்பக்கத்தில் புல்லியை வைத்து, கியர் பாக்ஸைக் கொண்டு வேகத்தை மாற்றி நெல் அரைத்திருக்கிறார். இதற்கென ஒரு பல் சக்கரம்கூட அவர் புதிதாக வெட்டவில்லை. மின்சாரம் வராத காலத்தில் ஆலையை ஓட்ட வேண்டும் என்ற தேவைக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இன்ஜினை எட்ட வசதியாகத்தான் பக்கத் தகட்டில் சதுரம் வெட்டியிருக்கிறார்கள்.

இன்ஜின் இந்த வகை வண்டிக்கு உரிய ஃபோர்டு வி-8 (இரு வரிசையில் எட்டு சிலிண்டர்) தானா என்று உறுதி செய்ய, ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் அதை இறுக்கும் ஸ்டட் திருகாணிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். 24 என்றால் 1938-க்குப் பிந்தையது. டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் கேம் ஷாஃப்டின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். இரு வரிசைக்கும் தனித்தனியாக ஆக இரண்டு வாட்டர் பம்புகள் இருக்கும். ஹெட்டைக் கழற்றிய பிறகு சிலிண்டர் விட்டத்தை அளந்தால் 77.8 மில்லிமீட்டரோ 80.96 மில்லிமீட்டரோ வர வேண்டும். முன்னது 221 கன அங்குல இன்ஜின், பின்னது 239 கன அங்குல இன்ஜின். ஆனால் இதை வைத்து மட்டும் நாட்டைத் தீர்மானிக்கக் கூடாது. ஆலையில் ஆண்டுக்கணக்கில் ஓடிய இன்ஜினின் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி ரீபோர் செய்திருக்கலாம். வேறொரு லாரியின் இன்ஜினையே எடுத்து வைத்திருக்கவும் கூடும்.

பள்ளத்தூர் ஆவணத் தொகுப்பாளர்:

வீட்டுக் கதைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் வசமானது. அந்த மாதங்களில் நம்மவர்கள் கப்பலில் இடம் கிடைத்தால் கப்பலிலும், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் கால்நடையாகவும் வந்து சேர்ந்தார்கள். பெட்டகச் சாவியையும் கணக்கேட்டையும் தவிர ஒன்றையும் கொண்டுவர முடியாதவர்கள் பலர். படையின் கவச வண்டி ஒன்றை ஒரு தனி மனிதர் அந்தப் பாதையில் ஓட்டிவந்து புதுவயலில் நிறுத்தியிருக்க வழியே இல்லை. உங்கள் ஐயா பர்மாவிலிருந்து பட்ட பாட்டோடு வந்ததும், பின்னர் வீட்டில் ஒரு பட்டாள வண்டி வந்து நின்றதும் பிள்ளைகளின் நினைவில் ஒன்றாகிவிட்டிருக்கும். இரண்டுமே தனித்தனியே உண்மையாக இருக்கலாம்.

விமானத் திடல் கதை அவ்வாறல்ல. அதற்கு நிலத்தில் சான்று இருக்கிறது. செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் போர்க்கால ஓடுதளம் இன்றும் கிடக்கிறது. திடல்களைக் காப்பதற்கென்றே பிரிட்டிஷ் விமானப்படை 1942-இல் தனி ரெஜிமென்ட் ஒன்றை அமைத்தது. என்றாலும், இந்த வண்டி அந்தத் திடலில் நின்றது என்று சொல்ல அது போதாது. சண்டை முடிந்ததும் உபரித் தளவாடங்கள் டிஸ்போசல் ஏலங்களில் நாடெங்கும் விற்கப்பட்டன. எங்கோ எடுத்த வண்டி ரயிலில் வந்து இறங்கியும் இருக்கலாம். ஆலையின் பழைய பேரேடுகள் இருந்தால் 1945 முதல் 1950 வரையிலான ஏடுகளில் ‘மிலிட்டரி’, ‘ஏலம்’, ‘இன்ஜின்’ என்ற பற்றுகளைத் தேடிப் பாருங்கள். நம் வீடுகளில் ஓரணாச் செலவும் எழுதாமல் விட்டதில்லை.

புதுவயல் ஆலைக்காரர்:

ஹெட்டுக்கு 24 ஸ்டட். டிஸ்ட்ரிபியூட்டரும் இரண்டு பம்புகளும் சொன்ன இடத்திலேயே இருக்கின்றன. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துத் தகட்டிலும், குறுக்குக் குழாயின் தாங்கியிலும் ஒரே முத்திரையைக் கண்டேன்: ஆங்கில ‘சி’ எழுத்து, அதன் வயிற்றுக்குள் மேல்நோக்கிய ஓர் அம்புத்தலை. மண்ணுக்குள்ளிருந்து தடக் கண்ணிகள் ஒரு சாக்கு நிறைய கிடைத்துள்ளன. பேரேடுகள் மச்சில் பெட்டிக்குள் இருக்கின்றன. செல் அரித்தது போக மீதியைப் புரட்ட வேண்டும்.

ஆவடி ஓய்வூதியர்:

‘சி’க்குள் அம்பு என்பது கனடாவின் அரசு முத்திரை. பிரிட்டன் வெறும் அம்பைப் போடும். ஆஸ்திரேலியா அம்பின் இருபுறமும் ‘டி’ (D) போடும். ஒரு தனிப் பாகத்தில் மட்டும் இருந்திருந்தால் மாற்றிப் போட்டது என்று சொல்லலாம். உடல் தகட்டிலேயே இருப்பதால் வண்டி கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து வின்ட்சரில் ஃபோர்டு செய்தது என்று கொள்ளத் தடையில்லை.

இனி எண். தட வண்டிகளுக்குப் பிரிட்டிஷ் படை ‘டி’ (T) என்று தொடங்கும் எண் கொடுத்தது. கனடாவில் செய்தவற்றுக்கு முன்னால் ஒரு ‘சி’ சேர்ந்து ‘சி.டி.’ (CT) என வரும். பக்கத் தகட்டில் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். மேலே ஆலைக் காலத்துப் பெயிண்ட் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மிக நைசான உப்புத்தாளை நீரில் நனைத்து, ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் மெல்லத் தேயுங்கள். அடுக்கடுக்காக நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், ஆகவே காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அவற்றைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள்.

காரைக்குடி மின்வேதியியல் மாணவி:

இரும்பின் அரிப்பைப் பற்றிப் படிக்கும் மாணவி என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்தார்கள். துரு அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. எந்த அமிலத்தையும் ஊற்றுவதற்கு முன் அங்குள்ளவர்களிடம் ஒரு துண்டைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு நல்ல முறை. நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை மின்கலத்தின் எதிர்முனையிலும், வேண்டாத சாதா இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்தால், 12 வோல்ட் மின்சாரத்தில் துரு இளகி உதிரும். நல்ல இரும்பு தேயாது. நேர்முனைக்கு எவர்சில்வரைப் பயன்படுத்தவே கூடாது. நச்சுக் குரோமியம் நீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

ஆனால் சுருள் வில்களை அந்தத் தொட்டியில் போடாதீர்கள். கடினமாக்கப்பட்ட எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை அடையும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், பாரம் ஏறிய பிறகு திடீரென்று முறியும். வில்களைக் கையால் சுத்தம் செய்வதே பாதுகாப்பு. கவசத் தகட்டுக்கும் தொட்டி வேண்டாம். உதிரும் துருவை மட்டும் நீக்கி, டானிக் அமிலம் பூசினால், ஒட்டியிருக்கும் துரு கறுத்து நிலையான படலமாக மாறும்; பெயிண்ட் எழுத்து உள்ள இடங்களைத் தவிர்த்துப் பூசலாம். நம் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கும் கடுக்காயில் இருப்பதும் அதே டானின்தான் என்றாலும், கடுக்காய்ச் சாற்றை நேராகப் பூச வேண்டாம். அதன் செறிவு ஒரே சீராக இருக்காது.

தேவகோட்டை லேத்:

வெட்டிய சதுரத்தை மூடுவது பற்றிப் பேச வேண்டும். கவசத் தகடு சாதாத் தகடு அல்ல. அரம் போட்டால் வழுக்கும், டிரில் பிட் மழுங்கும். சாதா ராடு வைத்து வெல்டிங் செய்தால் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடும். முன்கூட்டிச் சூடேற்றி, ஆஸ்டெனிட்டிக் எவர்சில்வர் ராடு வைத்து, சிறிது சிறிதாக ஆறவிட்டுச் செய்ய வேண்டும். ஓடாத காட்சி வண்டிக்குச் சாதாத் தகட்டையே போல்ட் போட்டுப் பொருத்தினாலும் போதும். புல்லியைக் கழற்றி, வலப்பக்கப் பூட்டை அறுத்து, பல் சக்கரம் செய்து போட்டால் போர்க்காலத்தில் இருந்தபடி நிறுத்திவிடலாம். பல் சக்கரம் நான் செய்து தருகிறேன். வலப்பக்கத்தது அளவுக்கு இருக்கிறது.

பள்ளத்தூர் ஆவணத் தொகுப்பாளர்:

உங்கள் மனத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் மாறுபடுகிறேன். போர்க்கால உருவில் யுனிவர்சல் கேரியர் உலகெங்கும் காட்சியில் இருக்கிறது. அகமத்நகரில் 1994-இல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகத்திற்குப் போனால் எத்தனையோ கவச வண்டிகளைத் திருத்தமாகப் பார்க்கலாம். போருக்கு வந்த வண்டி நெல் அரைத்த வண்டியாக மாறி நிற்பதை எங்கே பார்ப்பது? அந்தப் புல்லியும் பூட்டும் சதுர வெட்டும் பேர் தெரியாத ஒரு செட்டிநாட்டுப் பட்டறைக்காரரின் கைவேலை. நம் வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பெயர்த்துக் காரைக்குடிக் கடைகளில் விற்றபின், அவற்றை நிறுத்திய ஆசாரிகள் யார் என்று கேட்க நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே அது கண்முன் இருக்கிறது. அறுத்துவிட்டால் திரும்ப வராது. பல் சக்கரத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

ஆவடி ஓய்வூதியர்:

ராணுவ வண்டிகளோடே வாழ்ந்தவன் நான். எனக்கும் அதைப் பழைய கோலத்தில் பார்க்க ஆசைதான். ஆயினும் ஆவணத் தொகுப்பாளர் சொல்வதே முறை. வலப்பக்கத்தை, தடம் மாட்டி, போர்க்கால நிலையில் நிறுத்துங்கள்; பூட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும். இடப்பக்கத்தில் புல்லியும் வெட்டும் இருந்தபடி இருக்கட்டும். இரண்டு வாழ்க்கையையும் ஒரே வண்டியில் பார்க்கலாம்.

தேவகோட்டை லேத்:

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என் வேலை இன்ஜினில்தான். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலோடு மெல்லிய எண்ணெய் கலந்து ஊற்றி ஊற வையுங்கள். அவசரப்பட்டுக் கம்பி போட்டு நெம்பாதீர்கள். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் வழிகள் பிளாக்கின் நீர்ப்பகுதி வழியாகவே போகும். அதனால் சூடு ஏறும் குணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவிப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டும். ஸ்டட்கள் நீருக்குள் இறங்குபவை, துருவேறி முறியும். ஒவ்வொன்றையும் சூடுகாட்டித் திருப்ப வேண்டும். பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் எல்லாம் அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அந்தக் கவலை இல்லை.

புதுவயல் ஆலைக்காரர்:

பங்காளிகள் கூடிப் பேசினோம். இந்த இழையை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். இரும்புக்குப் போடுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆலையின் முன் கொட்டகையை ஒழித்துத் தருவதாகப் பெரியவர் சொன்னார். புல்லியை ஒரு காலத்தில் தன் கையாலேயே பட்டை மாட்டி ஓட்டியதாக ஒரு பெரியப்பா சொன்னபோதுதான், அந்த வேலைப்பாட்டைப் பற்றிக் கேட்டறிய இன்னும் ஆள் இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. அவர் சொல்வதைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்ற வேண்டும். எங்கே பிடித்துத் தூக்குவது என்று சொல்லுங்கள்.

ஆவடி ஓய்வூதியர்:

வண்டி நாலு டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உள்ளே இருக்கும் மண்ணை முதலில் அள்ளிவிடுங்கள், அதுவே அரை டன் வரக்கூடும். உருளைத் தாங்கியிலோ குறுக்குக் குழாயிலோ சங்கிலி போடக் கூடாது. முன்னும் பின்னும் உடல் தகட்டுக்கு அடியில் அகலமான நைலான் பெல்ட்டைக் கொடுத்து, ஐந்து டன் செயின் பிளாக்கில் ஒரு முனையை ஒரு சாண் உயர்த்தி, அடியில் பனங்கட்டையோ ரயில் ஸ்லீப்பர் கட்டையோ வைத்து, பிறகு மறுமுனையைத் தூக்குங்கள். செம்மண் இறுகிப் பிடித்திருந்தால் முந்தின நாள் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். புல்லி இருக்கும் மூலையில் பெல்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு, விளிம்பில் அடி பட்டால் சில்லு போய்விடும்.